அப்பா கட்டிய மாடி வீடு

கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் நான் வார்டன். புதிதாக வரும் பெண்களுக்கு ஒரு ஃபாரம் கொடுப்பேன். அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. பெண்கள் போனில் பேசிக்கொண்டே அதை நிரப்பிவிடுவார்கள். இந்த மலையாள நாட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர், அப்புறம் தபால் ஆபீஸ், பின்கோடு. அரை நிமிஷம்கூட ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கும் அதே ஃபாரத்தைத்தான் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் ஹாஸ்டல் முகவரியையே எழுதிக் கொடுத்தேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "இது இப்போழத்தெ அட்ரஸல்லே, பெர்மனன்ட் எவிடெ?" என்று கேட்டார். "இதுதான் சேச்சி" என்றேன். அதற்கு மேல் அவர் துருவவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில் என் அம்மாவையும் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவரும் அவர்தான்.

வீடில்லாதவர்கள் என்றால் ஆட்கள் நினைப்பது டவுனில் பாலத்துக்குக் கீழே படுத்திருப்பவர்களை. கிராமத்தில் வீடில்லாதவன் அப்படிக் கண்ணில் படமாட்டான். யாருடைய கூரைக்கு அடியிலாவது ஒண்டிக்கொண்டிருப்பான். காலையில் முகம் கழுவி, சட்டை போட்டு, கடைக்கு வந்து எல்லாரோடும் சாயா குடிப்பான். அவனுக்கு வீடில்லை என்று அவனாகச் சொன்னால்தான் உண்டு. என் அப்பா சொல்லவில்லை. இது அதைப் பற்றித்தான்.

நாங்கள் இருந்தது கல்லாற்றுக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள். வீடு என்று சொல்ல முடியாது. அது ஒரு புகைப்புரை. ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக அடித்து, புகையில் காயவைப்பதற்காகக் கட்டும் கட்டடம். முதலாளி புதிதாக ஒன்று கட்டிக்கொண்டார். பழையதை எங்களுக்கு விட்டார். வாடகை வேண்டாம், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வாடகை இல்லாததால் எதையும் கேட்கவும் முடியாது.

புகைப்புரைக்கு ஜன்னல் கிடையாது. புகை வெளியே போய்விடக் கூடாதே. மேலே ஷீட் தொங்கவிடுவதற்கு வரிசை வரிசையாக மூங்கில் கட்டியிருக்கும். அதில் எங்கள் துணிமணி, அப்பாவின் மண்வெட்டி வைத்த சாக்கு, என் புத்தகப் பை எல்லாம் தொங்கும். சுவர் முழுக்கக் கரி. எத்தனை வருஷம் துடைத்தாலும் வந்துகொண்டே இருக்கும். சாப்பிடும்போது மேலிருந்து சோற்றில் விழும். அம்மா தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, ஓரமாகக் கொஞ்சம் திறந்து சாப்பிடச் சொல்வாள். அங்கே இருந்த வரைக்கும் அப்படித்தான் சாப்பிட்டேன். ஹாஸ்டலில் இப்போதும் சில நாள் என் கை தானாக இன்னொரு தட்டைத் தேடும். அம்மா பார்த்துவிட்டு, "இங்க எதுவும் விழாதுட்டி" என்பாள்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசிக்கு அந்தப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார். கிணறு வெட்டுவார், அஸ்திவாரக் குழி எடுப்பார், வேலை இல்லாத நாளில் தோட்டத்தில் களை வெட்டுவார். குழி எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஆளில்லை. நூல் பிடித்த மாதிரி இறங்கும். ஆனாலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பாண்டி" என்றுதான் கூப்பிடுவார்கள், தமிழ்நாட்டு ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா சொல்லித் தெரிந்தது இது. வந்த புதிதில் சாயாக்கடையில் யாரோ ஒருவன், "எடோ பாண்டி, தனிக்கு நாட்டில் வீடும் குடியும் ஒக்கெ உண்டோடா, அதோ ரோட்டிலாணோ?" என்று கேட்டிருக்கிறான், சொந்த ஊரில் வீடு உண்டா இல்லை தெருவில்தானா என்று. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்பா, "உண்டு, நல்ல வீடு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். உண்மையில் ஊரில் அவருக்கு இருந்தது பூர்வீக வீட்டில் ஒரு அறைப் பங்கு. தங்கையின் கல்யாணத்துக்காக அதையும் அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

சொன்ன வீட்டை அப்படியே விட்டுவிட முடியுமா? கடையில் தினமும் பேச்சு வருமே. முதலில் அது ஓட்டு வீடாக இருந்தது. இங்கே எல்லாரும் கான்கிரீட் தளம் போட்ட வார்க்க வீடு கட்ட ஆரம்பித்ததும் அதுவும் வார்க்க வீடானது. கடைக்காரர் வீட்டில் தரைக்கு மொசைக் போட்ட வருஷம் எங்கள் வீட்டிலும் மொசைக் போட்டார்கள். பிறகு மோட்டார் வைத்தார்கள். நான் ஏழாவது படிக்கும்போது மாடி ஏறிவிட்டது. ஒரு செங்கல்கூட வாங்காமல் அப்பா கட்டி முடித்த வீடு அது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து கால் கழுவும்போது, "இன்னைக்கு என்ன வேலை நடந்துச்சு? கம்பி கட்டியாச்சா, இல்ல கான்கிரீட்டே போட்டாச்சா?" என்று கேட்பாள்.

"சும்மா கெட."

"இல்ல, மேல போகப் படி வச்சியளான்னுதான் கேட்டேன். படி வைக்காம எப்படி ஏற?"

அப்பா சிரித்துவிடுவார். அம்மாவும் சிரிப்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. என் மேல் புகை நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி தள்ளி உட்கார்ந்தபோது, எங்கள் ஊர் வீட்டு மாடியில் பால்கனி இருப்பதாக அவளிடம் சொன்னேன். அப்பாகூட பால்கனி கட்டியிருக்கவில்லை.

மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அப்பா மட்டும் போய்வருவார். வெள்ளைச் சட்டை தேய்த்து வாங்கிக்கொள்வார். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் இரண்டு. எங்களைக் கூட்டிப் போனதில்லை. "பஸ்ல கஷ்டம்" என்பார். அங்கே போய்த் தங்க இடமில்லை என்று எங்களுக்கும் தெரியும் என்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் பட்டியலில் எங்கள் பெயரும் வந்தது. ஃபாரம் எல்லாம் எழுதியது நான்தான். மலையாளத்தில் எழுதப் படிக்க எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் ஆளில்லை. வேறெங்கும் சொந்தமாக வீடோ நிலமோ இல்லை என்று ஒரு சத்தியப் பிரமாணம் இருந்தது. அதையும் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். பஞ்சாயத்திலிருந்து ஆபீசர் வந்து புகைப்புரையைப் பார்த்தார். உள்ளே வந்ததும் இருமினார். அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். புதுவீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று. "அது நிங்ஙளுடெ இஷ்டம் அம்மா" என்றார் ஆபீசர். அன்றிலிருந்து அம்மா ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கிழக்கே வைத்தால் வெயில், மேற்கே வைத்தால் சாரல். ஒரு முடிவுக்கு வரவேயில்லை.

பட்டியலைக் கிராமசபையில் வாசிப்பார்கள். வார்டு ஆட்கள் எல்லாரும் ஸ்கூல் ஹாலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். எதிர்ப்பு இல்லை என்றால் பெயர் உறுதி. நல்ல ஏற்பாடுதான். பொய் சொல்லி வீடு வாங்குகிறவன் அங்கே மாட்டிக்கொள்வான். வீடு இருப்பதாகப் பொய் சொன்னவனைப் பற்றி யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

எங்கள் பெயரை வாசித்தார்கள். எங்கள் வார்டு மெம்பர் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது சாயாக்கடைக்காரர் எழுந்தார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எத்தனையோ காலை அவர் கொடுத்த புட்டைத் தின்றுவிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறேன். அவருக்கு எங்கள் மேல் ஒரு விரோதமும் கிடையாது.

"சாறே, ஒரு காரியம்" என்றார். "ஈ அண்ணனு நாட்டில் சொந்தம் வீடுண்டு. இரண்டு நில. மொசைக் இட்டதாணு. அடுத்தபடி பேருள்ள அந்தச் சேச்சி தார்ப்பாய்க்கு அடியிலாணு கிடக்குந்நது. அதுகொண்டு பறஞ்ஞதாணு." ஊரில் இரண்டு மாடி வீடு இருக்கிறவருக்கு எதற்கு, அடுத்த பெயர்க்காரிக்குக் கொடுக்கலாமே என்பதற்காகச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்கிற தோரணையே இல்லை. தனக்குத் தெரிந்த பெரிய மனுஷன் ஒருவரைப் பற்றிச் சொன்னது போலத்தான் இருந்தது.

ஆபீசர் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். "உள்ளதாணோ?" என்றார். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆபீசர் இன்னொரு தடவை கேட்டார். அப்பா சுவரில் மாட்டியிருந்த ஸ்கூல் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவருக்கு மலையாளம் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஆபீசர் என் பக்கம் திரும்பினார்.

"மோளே, நீ பற. நாட்டில் வீடுண்டோ, இல்லையோ?"

அப்பா என்னைப் பார்த்திருந்தால் நான் இல்லை என்று சொல்லியிருப்பேன். இதைப் பலமுறை யோசித்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் இருபது வருஷமாக அந்த வீட்டைப் பற்றிக் கேட்டவர்கள். தரையைப் பற்றிக் கேட்டவர்கள், மோட்டார் என்ன கம்பெனி என்று கேட்டவர்கள். இல்லை என்று நான் சொன்னால், அந்த நிமிஷத்திலிருந்து அப்பா அந்தக் கடையில் உட்கார முடியாது. வீடு கிடைக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

"உண்டு சார்" என்றேன்.

ஆபீசர் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் வீடு இல்லை என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் பெரிதாக்கவில்லை. "இனி இங்ஙனெ எழுதருது கேட்டோ" என்று லேசாகக் கண்டித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடுத்த பெயரை வாசித்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்த சேச்சி எழுந்து நின்று கும்பிட்டார்.

அம்மா ஹாலுக்குப் பின்னால் பெண்களோடு நின்றிருந்தாள். வீட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் வரும்போது அம்மா, "அரிசி ஊறப்போடணும்" என்றாள். அப்பா இருந்தவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. அம்மா ஜன்னலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் அப்பாவிடம் என்ன கட்டினீர்கள் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அந்தச் சேச்சியின் வீட்டுக்கு அஸ்திவாரக் குழி எடுத்தது அப்பாதான். கூப்பிட்டார்கள், போனார். நான் ஒருநாள் மதியம் சோறு கொண்டுபோனேன். குழி வழக்கம்போல நூல் பிடித்த மாதிரி இருந்தது. அப்பா இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார். "பாறை இல்ல, நல்ல மண்ணு" என்றார். எனக்கு அவரை அப்படியே அந்தக் குழிக்குள் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது. கோபம். இப்போதும் இருக்கிறது, போகவில்லை. அவர் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில் முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பொன்முடிக்குப் போகிறவர்கள் தங்கிப்போக ஹோம்ஸ்டே கட்டினார்கள். புகைப்புரையை இடிக்க ஒரு ஜே.சி.பி. வந்தது. ஒரு மணிநேர வேலை. சுவர் விழுந்தபோது கிளம்பிய கரியில் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் முகம் கறுத்துவிட்டது, அதைப் பார்த்து அவர்களே சிரித்துக்கொண்டார்கள். நாங்கள் ஆற்றோரப் புறம்போக்கில் தகர ஷீட் வைத்து ஒரு ஷெட் போட்டோம். மழைக்காலத்தில் கல்லாறு ஏறி வரும். அப்போது ஸ்கூலில் முகாம் போடுவார்கள். அதே ஹால். எங்களுக்கு அதில் ஒரு மூலை. மூன்று மழைக்காலம் அந்த மூலையில் படுத்தோம். முகாமில் பக்கத்தில் பாய் போட்டிருந்த ஒரு அம்மா, "நிங்ஙள்க்கு நாட்டில் போய்க்கூடே, நல்ல வீடு வெறுதே கிடக்குந்நில்லே" என்று கேட்டாள். இந்தக் கஷ்டத்துக்கு ஊருக்கே போய்விடலாமே என்று. அக்கறையாகத்தான் கேட்டாள். அம்மா, "மோள்க்கு இங்க வேலை நோக்குதோம்" என்றாள். அது மட்டும் பொய்யில்லை. அடுத்த வருஷம் எனக்கு ஹாஸ்டல் வேலை கிடைத்தது.

அப்பா இறந்தது ஒரு காலையில், சாயாக்கடைப் பெஞ்சில். சாயா வாங்கி இரண்டு வாய் குடித்திருக்கிறார். கண்ணாடிக் கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறார். கடைக்காரர் மாமா கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாராம். எனக்கு அவர்தான் போன் செய்தார். நான் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது, ஷெட்டுக்கு வெளியே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கடைப் பெஞ்சையே கொண்டுவந்துவிட்டார்கள். ஷெட்டுக்குள் நீட்டிப் படுக்கவைக்க இடமில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கால் கட்டைவிரல்களைக் கட்டியிருந்த துணி அழுக்காக இருந்தது, அதை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மாற்றினேன்.

எங்கே எடுப்பது என்ற பேச்சு வந்தது. அங்கெல்லாம் இரண்டு சென்ட் நிலம் இருந்தாலும் சொந்த வீட்டைச் சுற்றிய வளவிலேயே எரித்துவிடுவார்கள். எங்களுக்கு வளவு ஏது? டவுனில் கரண்டு சுடுகாடு இருக்கிறது, வண்டிக்குச் சொல்கிறேன் என்றார் மெம்பர் அக்கா. கடைக்காரர் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவரைக் கோபமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சொந்தம் வீடுள்ள மனுஷனாணு" என்றார். "அநாதையெ போலெ கரண்டில் வச்சு கத்திக்கானோ? அயாள் கெட்டிய வீட்டின்றெ முற்றத்து கிடத்தணம். ஒரு மணிக்கூரெங்கிலும் கிடத்தணம். அது நம்மள் செய்யணம்."

ஒரு மணி நேரமாவது அவர் கட்டிய வீட்டு முற்றத்தில் கிடத்தி எடுக்க வேண்டும் என்றதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். ஆம்புலன்சுக்கு அவர்களே ஏற்பாடு செய்தார்கள். ஒருவன் டிரைவருக்கு வழி சொன்னான். பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாமா அங்கே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். தேம்பித் தேம்பி அழுகிற ஒரு ஆளிடம் போய் எப்படிச் சொல்வது? அப்பாவைத் திருப்பித் தங்கள் கையாலேயே வீட்டில் கொண்டு சேர்ப்பதாக அந்த ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. நான் ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பா எப்போதோ போய்விட்டார், அவர் மகன்தான் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். போனை வைக்காமல் உள்ளே யாரிடமோ கேட்டான். பிறகு, "சரி, கொண்டாங்க" என்றான்.

வண்டிக்குள் அம்மா, நான், கடைக்காரர் மாமா. நான் கூட வருகிறேன் என்று அவராகவே ஏறிவிட்டார். கடையை அன்று அடைத்துவிட்டார். வழியெல்லாம் அவர் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டே வந்தோம். ஆரியங்காவு தாண்டி வளைவு வளைவாக இறங்கும்போது ஸ்டிரெச்சர் இங்கும் அங்கும் ஆடியது. அம்மா ஒரு காலை நீட்டி அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டாள். சாலையில் முதல் தமிழ் போர்டைப் பார்த்ததும், "எத்தி இல்லே?" என்றார் மாமா. இன்னும் கொஞ்ச தூரம் என்றேன். வெளியே வெயிலாக இருந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் பெரியப்பா மகன் நின்று வண்டியை நிறுத்தினான். வெளியூரில் இறந்த உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். தெருவிலேயே ஒரு வேப்பமரத்துக்குக் கீழே பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். இறக்கி வைத்தோம். மாமா நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். ஒரு பக்கம் ஏழெட்டு வீடு, எதிர்ப்பக்கம் அதே அளவு. எல்லாம் தாழ்ந்த ஓட்டு வீடுகள். இரண்டு மட்டும் புதிதாகத் தளம் போட்டவை. மாடி என்று ஒன்றுமே அந்தத் தெருவில் இல்லை. அவர் தெருவின் கோடிவரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மோளே, ஏதாணு வீடு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். பெரியப்பாவின் மனைவி. அவளை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஏளா, மலையாளத்துல அவ்வளவு பெரிய மாடி வீடு கட்டிப் போட்டிருக்கான். கொடைக்கு வரும்போதெல்லாம் வாய் நெறைய அதைத்தான சொல்லுவான். கீழ நாலு ரூம்பு, மேல ரெண்டு ரூம்புன்னு. அந்த வீட்டு முத்தத்துல வச்சு எடுக்காம, இந்தத் தூரம் ஏன் தூக்கிட்டு வந்திய? இங்க அவனுக்கு என்ன இருக்கு?"

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், ஆமா, எங்ககிட்டயும் சொல்லியிருக்காவளே என்றார்கள். ஒருத்தி, போட்டோ கொண்டுவாரேன்னு போன கொடைக்குச் சொன்னாவ என்றாள்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாயாக்கடையில் கட்டிய வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒரு படிகூட வைத்ததில்லை. இங்கே வந்து கட்டிய இந்த வீட்டைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயைத் திறந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரிக்கவில்லை.

கடைக்காரர் மாமாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிராமசபையில் எழுந்து நின்ற மனுஷன். அவர் எதை யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவருக்காக வருத்தமாகவும் இருந்தது. அவர் அப்படியே அந்தத் தெரு மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். படித்த பிள்ளை, இவள்தான் சொல்ல வேண்டும் என்பது போல. அப்பா பெஞ்சில் கண்ணை மூடிக் கிடந்தார். இந்தத் தடவை அவர் பார்ப்பாரா பார்க்கமாட்டாரா என்று காத்திருக்கத் தேவையில்லை.

"அங்க வீடு இல்ல பெரியம்மா" என்றேன். மாமாவைப் பார்த்து, அவருக்கும் கேட்கிற மாதிரி, "இங்கயும் இல்ல. எங்கயும் இல்ல" என்றேன்.

பெரியம்மா அம்மாவின் கையை விடாமல் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"அப்ப இத்தனை வருசமா எங்கதான் இருந்திய?"

புகைப்புரை, ஆற்றோரம், ஸ்கூல் மூலை எதையும் அம்மா சொல்லவில்லை.

"இருந்தோம்க்கா" என்றாள்.